விமானத்துக்கு மேலே நின்றவர்

சிலமலைக்கு மேற்கே, மலையடிவாரம் தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால், ஒன்றுக்கும் உதவாத கரட்டு நிலம் ஒன்று வெகுகாலமாகக் கிடந்தது. ஆடு மேய்க்கிறவர்கள்கூட நெருஞ்சி முள்ளுக்குப் பயந்து அந்தப் பக்கம் ஒதுங்கமாட்டார்கள். அங்கேதான் ஒரு கம்பெனிக்காரர்கள் விமானம் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி ஒன்றைத் தொடங்கினார்கள். தார் போட்ட ஓடுபாதை, பெரிய தகரக் கொட்டகை, காற்று எந்தத் திசையில் அடிக்கிறது என்று காட்டக் கம்பத்தில் ஒரு துணிக்குழாய், இரண்டு பேர் உட்காரக்கூடிய சின்ன விமானங்கள் சில. அவ்வளவுதான் சங்கதி. ஆனால் போடி ஆட்டோ ஸ்டாண்டில் அதற்குள் அது ஏர்போர்ட் ஆகிவிட்டது. "இனிமே காலையில காப்பியக் குடிச்சுட்டுக் கெளம்புனா மதியச் சோறு மெட்ராசுல" என்று பேசிக்கொண்டார்கள்.

மனை விற்கிறவர்களுக்கு இது போதாதா? பக்கத்திலிருந்த பருத்திக் காட்டை வளைத்து, கல் நட்டு, ரோட்டோரம் ஒரு வளைவு வைத்து 'ஏர்போர்ட் நகர்' என்று எழுதிவிட்டார்கள். வாங்கினவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. கல்யாணப் பத்திரிகையில் அந்த முகவரியைக் கொட்டை எழுத்தில் போட்டுக்கொண்டார்கள். விமானம் என்றால் சத்தம் போடும் என்பது மட்டும் அப்போது ஒருவருக்கும் தோன்றவில்லை.

கன்னையன் அங்கே மனை வாங்கியது பெருமைக்காக இல்லை. அவர் பூப்பாறைப் பக்கம் ஓர் ஏலத்தோட்டத்தில் மரக்கவாத்து வேலை பார்த்தவர். ஏலச்செடி நிழலில்தான் பிழைக்கும். நிழல் அதிகமாகிப்போனாலோ அழுகிவிடும். அதனால் சாரல் பிடிப்பதற்கு முன்னால் தோட்டத்துப் பெரிய மரங்களில் ஏறி, வேண்டாத கொப்புகளைக் கழித்து, செடிக்கு எவ்வளவு வெயில் தேவையோ அவ்வளவை மட்டும் உள்ளே விடவேண்டும். இடுப்பில் கயிறு, முதுகில் செருகிய அரிவாள், தலையில் சிவப்புத் துண்டு. இவற்றோடு கன்னையன் ஏறாத மரம் அந்தச் சரிவில் இல்லை என்பார்கள். விடியுமுன் போடியில் ஜீப்பு ஏறினால், பொழுது சாய்ந்துதான் வீட்டுக்கு வருவார்.

அவர் மனைவி சந்திரவல்லி சிலமலைக்காரி. மக்காச்சோளக் காட்டிலும் கடலைக் காட்டிலும் வேலை செய்து வளர்ந்தவள். மலைக்கு அவள் ஒரே ஒருதரம்தான் போனாள். கொண்டை ஊசி வளைவுகளில் ஜீப்பு திரும்பத் திரும்ப அவளுக்குக் குடல் வாய்க்கு வந்துவிட்டது. போடிமெட்டில் இறங்கி, தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவள், இனி இந்தத் திசையில் தலைவைத்துப் படுக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்துவிட்டாள். அதனால் புருஷன் மரத்தின் மேல் நிற்பதை அவள் ஒருநாளும் பார்த்ததில்லை. அவரும் வேலையைப் பற்றி வாய் திறக்கிற ஆள் இல்லை. "இன்னைக்கு என்ன சோலி?" என்று கேட்டால் "மரந்தான்" என்பார். மறுநாள் கேட்டாலும் மரந்தான்.

ஒரு சாயங்காலம் மட்டும் வீட்டுக்குள் நுழையும்போதே பேசிக்கொண்டு வந்தார்.

"வல்லி, இன்னைக்கு நான் பிளேனுக்கு மேல நின்னு வேல பாத்தேன்."

"என்ன, வழியில எங்கயும் குடிச்சீகளா?"

"சத்தியமாச் சொல்றேன். சரிவு ஓரத்துல ஒரு காட்டுப்பலா நிக்கிது. அதுல உச்சிக்கொப்புல நிக்கிறேன். எனக்குக் கீழ போகுது பிளேனு. அதோட முதுகப் பாத்தேன் வல்லி. ரெக்கை மேல வெயிலு அடிச்சது."

அவள் நம்பவில்லை. விமானத்தை அண்ணாந்து பார்க்கிற உலகத்தில் குனிந்து பார்த்தேன் என்று ஒருவர் சொன்னால் யார் நம்புவார்கள்? ஆனால் அன்றைக்கு அவர் முகத்தில் இருந்த வெளிச்சத்தை அவள் அதற்கு முன் கண்டதில்லை. சோற்றைப் பிசைந்தவர் சாப்பிடவும் மறந்து உட்கார்ந்திருந்தார். மேலே இருந்து பார்த்தாயிற்று, கீழே இருந்தும் பார்க்கவேண்டும் என்ற ஆசையில்தான் அந்த நகரில் மனை பிடித்து வீடும் கட்டினார்.

குடிபோன மறுநாள் சந்திரவல்லி மொட்டைமாடியில் வற்றல் காயவைத்துக்கொண்டிருந்தாள். கிழக்கே ஒரு உறுமல் கேட்டது. திரும்புவதற்குள் அது எழும்பி, தென்னைக்கு மேலே ஏறி, அவள் தலைக்கு நேரே வந்துவிட்டது. வெள்ளை வயிறு தெரிந்தது. தரையை விட்ட சக்கரம் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. இவ்வளவு இரும்பு எதைப் பிடித்துக்கொண்டு ஆகாயத்தில் நிற்கிறது என்று அவளுக்கு விளங்கவே இல்லை. தன்னையறியாமல் கையெடுத்துக் கும்பிட்டாள். அது மலைப்பக்கம் போய்ப் பூச்சி அளவுக்குச் சிறுத்து, வளைந்து, திரும்பி வரும்வரை அவள் அங்கேயேதான் நின்றாள்.

அடுத்த கோடையில் பட்டுப்போன கொப்பு ஒன்று கன்னையன் காலடியில் முறிந்தது. தலையில் அடி. தேனியில் ஆஸ்பத்திரி வாசம் முடிந்து வீட்டுக்கு வந்தபோது உயிர் இருந்தது, பேச்சு இல்லை. ஒரு கால் இழுத்தது. ஆளை அடையாளம் தெரிகிறதா என்பதே சந்தேகமாக இருந்தது. கார் இல்லாத வீட்டில் கார் நிறுத்த விட்டிருந்த முன்பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு அவரை உட்காரவைப்பாள். காட்டு வேலையை விட்டுவிட்டு, வீட்டிலேயே இட்லி மாவு ஆட்டி அக்கம்பக்கத்துக்கு விற்று, அவரைப் பார்த்துக்கொண்டாள்.

வந்தது வேறு வினை. விமானம் கிளம்பும் சத்தம் கேட்டதும் கன்னையன் நாற்காலியின் கைகளைப் பிடித்துக்கொண்டு எழுந்திருப்பார். கழுத்து நரம்பு புடைக்கும். "ஓ… ஓய்" என்று அடிவயிற்றிலிருந்து ஒரு குரல் வரும். தெருக்கோடி வரை கேட்கிற குரல். விமானம் தலையைத் தாண்டுவதற்குள் இரண்டு மூன்று தரம் கத்துவார். கடந்துபோன பிறகும் உடம்பு நடுங்கிக்கொண்டிருக்கும். பள்ளிப் பிள்ளைகள் ஓட்டிப் பழகுகிற விமானம் அல்லவா, எழும்புவதும் சுற்றுவதும் இறங்குவதும் மறுபடி எழும்புவதுமாகப் பகல் பூராவும் அதே வேலை. அவருக்கும் பகல் பூராவும் அதே பாடு.

பயந்துதான் கத்துகிறார் என்று சந்திரவல்லி நினைத்தாள். ஆசைப்பட்டுப் பார்க்க வந்த ஒன்றே மனிதரை இப்படி ஆட்டிவைக்கிறதே என்று அவள் மாவு ஆட்டிக்கொண்டே அழுவாள். "பயப்படாதீக, நான் இருக்கேன்ல" என்று தோளை அமுக்கி உட்காரவைப்பாள். அவரோ அவள் கையைத் தட்டிவிட்டு இன்னும் உரக்கக் கத்துவார்.

தெருவுக்கும் அதற்குள் விமானத்தின் மேல் வெறுப்பு வந்திருந்தது. பக்கத்து வீட்டுச் சூர்யகலாவுக்குக் கைக்குழந்தை. தூங்கவைத்து முடிப்பதற்கும் விமானம் எழும்புவதற்கும் சரியாக இருக்கும். எதிர்வீட்டு ராம்பிரசாத் மின்வாரியத்தில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். நகர் நலச்சங்கத்துக்குத் தலைவர். ஜன்னல் கண்ணாடி அதிர்கிறது, டிவியில் ஒன்றும் கேட்கவில்லை, ரத்தக்கொதிப்பு ஏறுகிறது என்று அவர் மனு எழுதினார். அதில் முதலில் கையெழுத்துப் போட்டவள் சந்திரவல்லிதான். விமானம் நின்றால் கன்னையனும் நிறுத்துவார். அவளுக்கு வேண்டியது அவ்வளவே.

மனுவுக்குப் பதில் சொல்லப் பள்ளியிலிருந்து ஆள் வருகிறார்கள் என்றதும் தொப்பியும் தோளில் பட்டையுமாக ஒரு அதிகாரியை எதிர்பார்த்துத் தெரு கூடி நின்றது. ஸ்கூட்டியில் வந்து இறங்கியது ஒரு பெண். பெயர் முத்துப்பிரியா, பிள்ளைகளுக்கு ஓட்டக் கற்றுக்கொடுப்பதே அவள்தானாம். சந்திரவல்லி கோபத்தை மறந்து அவள் கையைப் பார்த்தாள். மெலிந்த கை, இரண்டு கண்ணாடி வளையல்.

"நீயா தாயி அதை ஓட்டுற?"

"ஆமாம்மா."

இந்தக் கையா அதைத் தூக்கிக்கொண்டு போகிறது என்று சந்திரவல்லி அந்த வளையலையே பார்த்துக்கொண்டு நின்றாள். ராம்பிரசாத்துக்கு அந்த மயக்கம் எதுவும் இல்லை. கிழிகிழி என்று கிழித்தார். முத்துப்பிரியா எல்லாவற்றையும் கேட்டுவிட்டுப் பொறுமையாகச் சொன்னாள்.

"சார், விமானம் எப்பவும் காத்துக்கு எதிர்முகமாத்தான் எழும்பணும். இங்க கணவாய்க் காத்து மேற்கேயிருந்து அடிக்குது. அதனால உங்க தெருவுக்கு மேல போறதைத் தவிர வழி இல்ல. குழந்தைங்க தூங்குற மத்தியான நேரத்துல ஓட்டாம இருக்கேன். அதுக்கு மேல என்னால முடியாது. நாங்க வந்தப்ப இங்க பருத்திதான் சார் இருந்துச்சு."

அவள் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். ஆகாயத்தில் போகிறவளோடு மல்லுக்கட்ட முடியாத தெருவுக்கு, நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற மனிதர் கைக்கு அகப்பட்டார். ராம்பிரசாத் தொண்டையைச் செருமினார்.

"ஏம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. பிளேன் சத்தம் ஒரு நிமிசம். உங்க வீட்டுக்காரரு சத்தம் அதுக்கப்புறமும் அடங்க மாட்டேங்குது. பிள்ளைகுட்டி பயப்படுதுக. தேனிக்கிட்ட எனக்குத் தெரிஞ்ச காப்பகம் ஒண்ணு இருக்கு. அமைதியான இடம். அவருக்கும் நல்லதுதான."

சந்திரவல்லி சூர்யகலாவைப் பார்த்தாள். அவள் குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டியபடி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வேண்டாம் என்று ஒரு ஆள்கூடச் சொல்லவில்லை. விமானச் சத்தம் இல்லாத இடத்தில் இருந்தால் அவருடைய நடுக்கமாவது நிற்கும் என்று சந்திரவல்லி தன்னைத்தானே தேற்றிக்கொண்டாள். சரி என்று தலையாட்டினாள். வெள்ளிக்கிழமை காப்பகத்து வண்டி வரும் என்று முடிவாயிற்று. அன்றைக்கு ஆட்டிய மாவில் உப்புப் போட மறந்துவிட்டாள்.

வியாழக்கிழமை ரோஜா வந்தாள். கன்னையன் வேலை பார்த்த அதே தோட்டத்தில் காய் எடுக்கிறவள். கோயில் திருவிழாவுக்கு லீவு விட்டதால், கன்னையண்ணனைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று ஒரு பொட்டலம் ஏலக்காயோடு மலையிறங்கி வந்திருந்தாள். அவள் தெருமுனையில் திரும்பும்போது ஓடுபாதையில் உறுமல் கிளம்பியது. கன்னையன் எழுந்தார். "ஓ… ஓய்" என்றார்.

ரோஜா நின்றாள். பையைக் கீழே வைத்தாள். வாயருகே கையைக் குவித்து, முகத்தை மேலே தூக்கி, நீட்டிப் பாடுகிற மாதிரி ஒரு குரல் கொடுத்தாள்.

"வெலகியாச்சோய்…"

கன்னையனின் கத்தல் அப்படியே நின்றது. கழுத்து நரம்பு தளர்ந்தது. காதை ஒருபக்கமாகச் சாய்த்து, இன்னும் எதையோ எதிர்பார்த்து நின்றார். விமானம் கடந்துபோனது. சந்திரவல்லி மாவுக் கையோடு வாசலுக்கு ஓடிவந்தாள்.

"என்ன சொன்ன ரோஜா? என்ன சொல்லி அமத்துன?"

"நான் என்னத்தச் சொன்னேன் மதினி. அண்ணே குரல் குடுத்தாரு, பதில் குடுத்தேன். தோட்டத்துப் பழக்கம், வாயில தானா வந்துருச்சு." அவள் சந்திரவல்லியின் முகத்தைப் பார்த்துவிட்டுத் தணிந்த குரலில் கேட்டாள். "உங்களுக்குத் தெரியாதா?"

தெரியாது. அத்தனை வருஷம் குடும்பம் நடத்தியும் தெரியாது. ரோஜா படியில் உட்கார்ந்து சொன்னாள். ஏலக்காட்டுக்குள் ஆளுக்கு ஆள் கண் தெரியாது. செடி தலைக்கு மேலே நிற்கும், அதற்கு மேலே மரம். கீழே பெண்கள் குனிந்து காய் எடுத்துக்கொண்டிருப்பார்கள். மரத்தின் மேல் நிற்கிறவர் கொப்பை இறக்குமுன் 'கொப்பு வருதோய்' என்று குரல் கொடுக்கவேண்டும். கீழே இருக்கிற ஒவ்வொருத்தியும் தள்ளிப்போய் நின்று 'வெலகியாச்சோய்' என்று தனித்தனியே பதில் சொல்லவேண்டும். அதற்குப் பிறகுதான் வெட்டு.

"மத்த ஆளுக ரெண்டு குரல் வந்தாப் போதும்னு வெட்டிருவாக. அண்ணே அப்பிடி இல்ல. அன்னைக்கு வேலைக்கு வந்த ஒவ்வொரு பொம்பளை குரலும் அவருக்குத் தெரியும். ஒரு ஆளு பாக்கின்னாலும் அருவா கீழ வராது. தூக்குன கையத் தூக்குனபடி நிப்பாரு மதினி. நாங்க கோவத்துல வையக்கூட வைவோம், வெரசா வெட்டுங்கண்ணே, சோலி கெடக்குன்னு. கேக்கமாட்டாரு. அவரு வெட்டுன கொப்பு எங்க ஒருத்தி மேலயும் ஒரு கீறல் போட்டதில்ல."

ரோஜா நாற்காலியில் இருந்தவரைப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்.

"மேல இருந்து என்னமோ வருதுன்னு சத்தம் கேக்குதுல்ல. நம்மளத்தான் வெலகச் சொல்றாரு. நாக்கு வரல, குரல் மட்டும் வருது."

அப்படியானால் அது பயமில்லை. தலைக்குள் எல்லாம் அழிந்துபோன மனிதரிடம் இது ஒன்று மட்டும் அழியாமல் இருந்திருக்கிறது. தெருவே கரித்துக்கொட்டிய அந்தக் கத்தல், ஒவ்வொரு தரமும், அந்தத் தெருவில் ஒருவர் தலையிலும் எதுவும் விழுந்துவிடக்கூடாது என்பதற்காக. தோளை அமுக்கி அமுக்கி உட்காரவைத்தாளே. அவள் அவர் காலடியில் உட்கார்ந்து, இழுக்கிற அந்தக் காலைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் அழுதாள். அந்தக் காலை இத்தனை நாள் எண்ணெய் தேய்த்து நீவியிருக்கிறாள். அது எவ்வளவு உயரத்தில் நின்ற கால் என்று இப்போதுதான் தெரிந்தது.

"பிளேனுக்கு மேல நின்னேன்னு ஒருநா சொன்னாரு. குடிச்சீகளான்னு கேட்டுட்டேன்" என்றாள்.

"அந்தக் காட்டுப்பலாவா?" என்றாள் ரோஜா. "அது நெசந்தான் மதினி. நாங்களும் குனிஞ்சு பாத்திருக்கோம்."

சாயங்கால ஜீப்புக்கு ரோஜா போய்விட்டாள். சந்திரவல்லி அடுத்த விமானத்துக்குத் தானே வாசலில் நின்று பதில் கொடுத்துப் பார்த்தாள். கன்னையன் கொஞ்சம் அடங்கினார். ஆனால் காதைச் சாய்த்து மற்றக் குரல்களுக்காகக் காத்திருந்து, வராமற்போகவே மறுபடி கத்தத் தொடங்கினார். ஒரு குரல் அவருக்குப் போதவில்லை. போதும் என்று அவர் என்றைக்குமே இருந்ததில்லையே.

சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு அவள் தெருவில் இறங்கினாள். முதலில் சூர்யகலா வீடு, பிறகு ஒவ்வொரு வீடாக. மாவு வாங்குகிறவர்கள், மனுவில் கையெழுத்துப் போட்டவர்கள், முகம் கொடுத்துப் பேசாதவர்கள், எல்லாரிடமும் ரோஜா சொன்னதைச் சொன்னாள். கெஞ்சவில்லை. "அவரு கூப்புட்டா ஒரு குரல் குடுங்க, அம்புட்டுத்தான்" என்றாள். சூர்யகலா குழந்தையைத் தட்டியபடி கேட்டுக்கொண்டு நின்றாள். ராம்பிரசாத் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஏம்மா, நான் ஒரு ரிட்டயர்டு ஆபீசரு. தெருவுல நின்னு எப்பிடிம்மா கூவுறது?"

மறுநாள் காலை காப்பகத்து வண்டி வாசலில் வந்து நின்றது. தெருவில் ஒருவரும் பிடிகொடுத்துப் பேசாததால், ஒப்புக்கொண்டபடியே சந்திரவல்லி அவருடைய வேட்டி சட்டைகளை ஒரு பையில் மடித்து வைத்திருந்தாள். டிரைவர் ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம் தாங்கிக் கன்னையனை வண்டி வரைக்கும் கூட்டிவந்தார்கள். டிரைவர் கதவைத் திறந்தார். அந்த நேரம் ஓடுபாதையில் உறுமல் எழுந்தது.

கன்னையன் டிரைவரின் பிடியை உதறிவிட்டு நிமிர்ந்தார். ஒரு கை வண்டிக் கதவைப் பிடித்திருக்க, மறு கை அரிவாளை ஓங்குகிற கணக்கில் மேலே போனது.

"ஓ… ஓய்."

தெரு சும்மா இருந்தது. ஜன்னல்களில் முகம் தெரிந்தது, குரல் வரவில்லை. கூச்சம் எல்லாரையும் கட்டிப்போட்டிருந்தது. அவர் இரண்டாந்தரம் கூப்பிட்டார். குரல் உடைந்து வந்தது.

"வெலகியாச்சோய்."

சூர்யகலா. மொட்டைமாடியில் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். மெல்லிய குரல், பாதியில் நடுங்கியது. அது முடிவதற்குள் மூன்றாவது வீட்டிலிருந்து இன்னொன்று. பிறகு முனைக் கடையிலிருந்து ஒரு ஆண் குரல். பிறகு தண்ணீர்க் குழாயடியில் இருந்த பெண்கள், ஒருத்தி முடிக்க ஒருத்தி. மேலத்தெருவில் யாரோ, கீழத்தெருவில் யாரோ. எதிர்வீட்டுக் கொசுவலை ஜன்னலுக்குப் பின்னாலிருந்து, ஆளைக் காட்டாமல், ஆபீஸ் தமிழில் ஒன்று வந்தது: "விலகியாச்சு."

ஓர் ஏலக்காட்டின் நடுவில் தான் நிற்பதாகவே சந்திரவல்லிக்குத் தோன்றியது. அவள் போகாத மலை, அவள் பார்க்காத அவருடைய பகல்கள் எல்லாம் இந்தத் தார் ரோட்டுக்கு இறங்கி வந்திருந்தன. இத்தனை குரலுக்கு மேலேயா இந்த மனிதர் ஒவ்வொரு நாளும் நின்றுவிட்டு வந்தார்? வந்து "மரந்தான்" என்று சொல்லிவிட்டுக் கை கழுவினார்?

குரல்கள் ஓய்ந்தன. விமானம் தென்னைக்கு மேலே ஏறிவிட்டது. ஆனால் கன்னையனின் கை இறங்கவில்லை. ஓங்கியது ஓங்கியபடி நின்றது. உதடு துடித்தது. எல்லாரும்தான் சொல்லியாயிற்றே, இன்னும் என்ன என்று தெரு திகைத்தது. டிரைவர் சந்திரவல்லியைப் பார்த்தார். அப்போதுதான் அவள் கவனித்தாள். கன்னையன் ஆகாயத்தைப் பார்க்கவில்லை. குனிந்து, தன் தோளுக்குக் கீழே நிற்கிற அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள் முதல் அவர் அவளை அப்படி நேராகப் பார்த்ததில்லை.

ஒரு ஆள் பாக்கி இருந்தது.

தோளில் மாட்டியிருந்த துணிப்பையை இறக்கி வைத்துவிட்டு அவள் ஓரடி பின்னால் தள்ளி நின்றாள். கையை வாயருகே குவித்து, அண்ணாந்து, மரத்து உச்சிக்குக் கேட்கும்படி கூப்பிட்டாள்.

"வெலகியாச்சோய்…"

விமானத்தின் நிழல் அவர்கள் இருவரையும் தொட்டுக் கடந்தது. கன்னையன் கையை இறக்கினார்.